‘ஆம், மீறினேன்’ என்று சொல்பவரை விசாரிக்கப்போகும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கும் குற்றவியல் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் முன் நிறுத்தப்படுபவர்களில் பெரும்பாலோர் குற்றத்தை மறுப்பவர்கள். ஒப்புக்கொள்பவர்களும் தண்டனை குறையும் என்ற நம்பிக்கையில்தான் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த இரு வகையிலும் சேராத ஒருவர் எப்போதாவது கூண்டில் ஏறுவார். சட்டத்தை மீறியதாக அவரே சொல்வார், அதற்காக வருந்தவில்லை என்பார், தண்டனையைக் குறைக்கும்படியும் கேட்கமாட்டார். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள் என்று நீதிமன்ற நடைமுறை முழுவதும் ‘செய்தாரா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி எழுப்பப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு முதல் நிமிடத்திலேயே விடை கிடைத்துவிட்டால் எஞ்சிய நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நீதிமன்றங்கள் பலமுறை தடுமாறியிருக்கின்றன. நான் வழக்கறிஞன் அல்லன். அரசியல் வழக்குகளின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடி வாசிக்கும் பழக்கமுள்ள ஒரு குடிமகன். அந்த வாசிப்பில் எனக்குப் பட்டதை உங்களிடம் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

1917 ஏப்ரலில் பீகாரின் மோதிஹாரியில் நடந்ததை முதலில் நினைவுபடுத்துகிறேன். அவுரிப் பண்ணை முதலாளிகளுக்காக, இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் கட்டாயம் அவுரி பயிரிட வேண்டிய நிலையில் இருந்த குடியானவர்களின் குறைகளைக் கேட்டறிய வந்திருந்த காந்தியை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி மாவட்டத்தைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். அவர் வெளியேறவில்லை. ஏப்ரல் 18 அன்று நீதிமன்றத்தில், உத்தரவை மீறியது உண்மை என்றும், சட்டப்படியான அதிகாரத்தின் மீது மரியாதை இல்லாமல் மீறவில்லை, மனச்சான்றின் குரலுக்குப் பணிந்தே மீறினேன் என்றும் சொல்லித் தண்டனையை ஏற்க ஆயத்தமாக நின்றார். அரசுத் தரப்பு வழக்கை ஒத்திவைக்கக் கேட்டிருந்த நேரம் அது. குற்றம் சாட்டப்பட்டவரே வழக்கை முடித்துவைக்க, நடுவர் திகைத்துப்போய்த் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். பிணை தரச் சொன்னபோது காந்தி மறுத்தார். பிணை இல்லாமலே அவரை விட வேண்டியதாயிற்று. தண்டனை அறிவிக்கப்பட வேண்டிய நாள் வருவதற்குள் மாகாண அரசே வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டது. மறு ஆண்டில் கட்டாய அவுரிச் சாகுபடியை ஒழிக்கும் சட்டமும் வந்தது.

அந்த நடுவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தீர்ப்பு எழுதத் தெரியாமல் இல்லை. குற்றவாளியின் வாய்மொழியில் தம் சட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். சட்டமறுப்பு எதை நோக்கியது என்பதை அந்தத் திகைப்பு நன்றாகவே காட்டுகிறது. சட்டத்தை மறைவாக மீறுபவர் சட்டம் தம்மைக் காணாதிருக்க வேண்டும் என்று விரும்புகிறார். வெளிப்படையாக மீறுபவரோ, ஊர் முழுவதும் அந்தச் சட்டத்தைக் காண வேண்டும் என்று விரும்புகிறார்; அதற்கான இடமாக உங்கள் நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்கிறார். அவர் உங்களிடம் விடுதலை கேட்டு வரவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், அவரைக் கண்டு எரிச்சல்கொள்ளும் தேவை பாதி குறைந்துவிடும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1922 மார்ச் 18 அன்று, அதே மனிதர் அகமதாபாத்தில் மாவட்ட நீதிபதி புரூம்ஃபீல்டின் முன் நின்றார். ‘யங் இந்தியா’ இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக, இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்கீழ், அரசின் மீது வெறுப்பைத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு நீண்ட அறிக்கை ஒன்றை வாசித்தார். இந்தச் சட்டம் தீயது என்று நீதிபதி உணர்ந்தால் பதவி விலக வேண்டும், நல்லது என்று நம்பினால் உச்சத் தண்டனையை வழங்க வேண்டும், இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்பது அதன் சாரம். ஒரு நீதிபதியை இதைவிடக் கடினமான இடத்தில் நிறுத்த முடியாது. புரூம்ஃபீல்டு பதவி விலகவில்லை. ஆனால் அறிக்கையை இடைமறிக்கவும் இல்லை, அது வழக்குக்குப் பொருத்தமற்றது என்று ஒதுக்கவும் இல்லை. தாம் இதுவரை விசாரித்த எவரையும், இனி விசாரிக்க நேரும் எவரையும் போன்றவர் அல்லர் இவர் என்பதை மறைக்க முடியாது என்று தீர்ப்பில் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள்கூட அவரை உயர்ந்த இலட்சியமும் தூய வாழ்வும் உடையவராகவே காண்கிறார்கள் என்றும் சொன்னார். அதே வேளையில், சட்டத்துக்கு உட்பட்ட ஒரு மனிதராக மட்டுமே அவரைத் தீர்ப்பிட வேண்டிய கடமை தமக்கு இருக்கிறது என்றார். 1908இல் திலகருக்கு விதிக்கப்பட்ட ஆறு ஆண்டுகளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஆறு ஆண்டு வெறுங்காவல் தண்டனை விதித்தார். பின்னாளில் சூழல் மாறி அரசு அதைக் குறைத்து விடுவிக்குமானால், தம்மைவிட மகிழ்பவர் எவரும் இருக்கமாட்டார்கள் என்று முடித்தார்.

ஆறு ஆண்டு என்பது சிறிய தண்டனை அன்று. எழுதியதற்காக ஒருவரைச் சிறையில் அடைத்த அந்தத் தீர்ப்பு நியாயமானது என்று நான் வாதிட வரவில்லை. அந்தச் சட்டமே நியாயமற்றது என்பதுதான் என் எண்ணம். ஆயினும் அந்த அறையில் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் செய்ததை மறைக்கவில்லை. நீதிபதி தாம் செய்வதை மறைக்கவில்லை. சட்டம் இதைக் கோருகிறது, அதனால் செய்கிறேன், செய்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று ஆட்சியின் சார்பில் இருந்தவர் வாய்விட்டுச் சொன்னபோது, ஒரு சட்டத்துக்கும் நியாயத்துக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு என்பது நாடு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. வளைந்த செங்கோலை நிமிர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது வளைந்திருக்கிறது என்பதை மறைக்காமல் இருக்கும் அதிகாரம் இருந்தது. அதை அவர் பயன்படுத்தினார்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு 1873 ஜூனில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கானன்டேய்குவா என்ற சிற்றூரில் நடந்தது. முந்திய ஆண்டு நவம்பர் 5 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில், சூசன் பி. ஆண்டனி ராச்செஸ்டர் நகரில் அதிபர் தேர்தலில் வாக்களித்துவிட்டார். விசாரித்த நீதிபதி வார்டு ஹன்ட், அவர் தம் சார்பில் சாட்சியம் அளிக்கத் தகுதியற்றவர் என்றார். விசாரணைக்கு முன்பே எழுதிவைத்திருந்த கருத்தை எடுத்து வாசித்தார். ஜூரிகளைக் கலந்துபேசவே விடாமல், குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டார். மறுநாள் வழக்கப்படி ‘சொல்வதற்கு ஏதேனும் உண்டா?’ என்று கேட்டுவிட்டு, அவர் பேசத் தொடங்கியதும் உட்காரச் சொன்னார். மீண்டும் மீண்டும் சொன்னார். ஆண்டனி உட்காரவில்லை. 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது ஒரு டாலரும் கட்டமாட்டேன் என்றார். அபராதத்தைக் கட்டும்வரை சிறையில் வைக்கும்படி நீதிபதி உத்தரவிட்டிருந்தால், அதைக் கொண்டே அவர் மேல்நீதிமன்றத்தை அணுகியிருக்கலாம். ஹன்ட் அந்த உத்தரவைப் போடவில்லை. கேட்பவர்களுக்கு இரக்கம்போலத் தோன்றும். உண்மையில் கதவைச் சாத்தும் வேலை அது. அபராதம் கடைசிவரை கட்டப்படவில்லை. 2020இல் அமெரிக்க அதிபர் அவருக்கு மன்னிப்பு அறிவித்தபோது, அவர் பெயரில் இயங்கும் அருங்காட்சியகம் அதை ஏற்க மறுத்துவிட்டது. மன்னிப்பை ஏற்றால் அந்த விசாரணையை முறையானது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அகமதாபாத்தில் கிடைத்தது ஆறு ஆண்டு. கானன்டேய்குவாவில் கிடைத்தது கட்டப்படாத 100 டாலர். இருந்தும் எந்த நீதிமன்றம் மதிப்பிழந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டமறுப்பாளரைப் பொறுத்தவரை தண்டனையின் கனத்தைக் காட்டிலும், பேச விட்டார்களா என்பதே பெரிது. அந்த உரிமையை நீதிமன்றங்கள் எளிதில் தரவில்லை என்பதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. 1670இல் லண்டனில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் கூட்ட மண்டபம் பூட்டப்பட்டதால் தெருவில் நின்று பிரசங்கம் செய்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் சட்டவிரோதக் கூட்டத்துக்காக விசாரிக்கப்பட்டார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று பென் கேட்டார். காட்டவில்லை, அறையின் மூலையில் தடுப்புக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆனால் பன்னிரண்டு ஜூரிகளும் குற்றவாளி என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். சோறும் தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் அவர்களைப் பூட்டிவைத்துப் பார்த்தும் மனம் மாறாததால் அபராதம் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். புஷெல் என்ற ஜூரி தொடுத்த வழக்கில், தீர்ப்புக்காக ஜூரிகளைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாகன் முடிவு செய்தார். அந்த ஜூரிகளைப் போற்றும் கல்வெட்டு இன்றும் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் இருக்கிறது.

கல்வெட்டு வைப்பது எளிது போலும். 2023இல் அதே லண்டனில், காலநிலைப் போராட்டக்காரர்கள் தாங்கள் ஏன் சாலையை மறித்தோம் என்பதை ஜூரிகளிடம் சொல்லக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் தடைவிதித்தது. தடையை மீறிக் காரணத்தைச் சொன்னவர்கள் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார்கள். மனச்சான்றின்படி விடுவிக்கும் உரிமை ஜூரிகளுக்கு உண்டு என்று எழுதிய அட்டையுடன் நீதிமன்றத்துக்கு வெளியே அமைதியாக நின்ற, ஓய்வுபெற்ற சமூகப் பணியாளரான ஒரு பெண்மணி மீதும் அவமதிப்பு நடவடிக்கை கோரப்பட்டது. 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அட்டையில் இருந்தது ஏறத்தாழ அந்தக் கல்வெட்டில் இருக்கும் செய்திதான்.

இங்கே உங்களில் பலர் ஒரு மறுப்பைச் சொல்வீர்கள் என்று அறிவேன். அவரவர் மனச்சான்றுக்கு நீதிமன்றம் இடங்கொடுத்தால், நல்ல நோக்கத்துக்காக மீறியவரும் கெட்ட நோக்கத்துக்காக மீறியவரும் ஒரே கதவில்தானே நுழைவார்கள்? எந்த நோக்கம் நல்லது என்று முடிவு செய்ய நீதிபதி யார்? இது வலுவான கேள்வி. இதைச் சிரித்துத் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் விடை இதுதான்: நோக்கத்தை நீங்கள் தீர்ப்பிட வேண்டியதில்லை, நடத்தையை எடைபோட்டால் போதும். மறைவாகச் செய்தாரா, வெளிப்படையாகச் செய்தாரா? பிறர் உடலுக்கும் உயிருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொண்டாரா? பிடிபட்டபோது தப்பி ஓடினாரா, நின்று பதில் சொன்னாரா? விளைவைத் தாம் சுமந்தாரா, வேறு யார் தலையிலாவது கட்டினாரா? வெறுப்பை விதைப்பவர்களால் இந்தக் கேள்விகளை நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்களுடைய செயலுக்கு இருட்டு வேண்டும், அல்லது கூட்டத்தின் மறைவு வேண்டும்.

இந்த அளவுகோலை நீதிமன்றங்களுக்கு முன்பே போராட்டக்காரர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்டார்கள். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்றபோது, நாடு தழுவிய இயக்கத்தையே காந்தி நிறுத்தினார். உடனிருந்தவர்கள் பலருக்குக் கடுங்கோபம். அகமதாபாத் தீர்ப்பில் கிடைத்த மரியாதைக்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1952இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண்டேலா உள்ளிட்ட 20 பேரைக் கம்யூனிச ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றவாளிகள் என்று அறிவித்த நீதிபதி ரம்ஃப், வன்முறையைத் தவிர்க்கும்படி அவர்கள் தொண்டர்களுக்கு இடைவிடாமல் அறிவுறுத்தியதைத் தீர்ப்பிலேயே பதிவுசெய்து, ஒன்பது மாதத் தண்டனையை நிறுத்திவைத்தார். நாடாளுமன்றம் அந்தக் குறிப்பிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எதிர்ப்பின் பொருட்டு எந்தச் சட்டத்தை மீறினாலும் சவுக்கடி உட்படக் கூடுதல் தண்டனை என்று 1953இல் புதுச்சட்டம் இயற்றியது. ஆனாலும் நீதிபதியின் குறிப்பு ஆவணத்தில் நிற்கிறது.

சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மீறுபவரிடம் பொறுமை காட்டும் நீதிபதிகள்கூட, தங்கள் உத்தரவை ஒருவர் மீறும்போது பொறுமை இழந்துவிடுகிறார்கள். 1963இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்தது அதுதான். ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுப் போனவரை, அனுமதி கிடைக்காது, சிறைக்குத்தான் போவாய் என்று விரட்டினார் நகர ஆணையர். பிறகு எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஊர்வலத்துக்கு நீதிமன்றத் தடையாணை பெறப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் தடையை மீறிப் புனித வெள்ளியன்றும் ஈஸ்டரன்றும் நடந்தார்கள். அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உறுதிசெய்தது: தடையாணை தவறாகவே இருந்தாலும் முதலில் அதை நீக்கக் கோரியிருக்க வேண்டும், மீறியபின் அது செல்லாது என்று வாதிட முடியாது என்றார்கள். கிங் மீண்டும் சிறை சென்றார். இரண்டே ஆண்டுகளில், 1969இல், அந்த நகரின் ஊர்வல அனுமதிச் சட்டத்தின்கீழ் கிங்கின் தோழர் ஷட்டில்ஸ்வொர்த்துக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுதப்பட்ட வடிவில் அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றது. அதே நகரம், அதே ஊர்வலம். ஈஸ்டருக்கு என்று புறப்பட்ட ஊர்வலத்தை, மேல்முறையீடு முடியும்வரை தள்ளிவைக்க முடியுமா என்ற எளிய கேள்விக்கு 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

சட்டமறுப்பாளர்களின் பக்கம் குறையே இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் இந்த மடலை மடித்து வைத்துவிடுவீர்கள், அது சரியும்கூட. உப்புச் சட்டத்தை எதிர்த்து உப்பு எடுத்தவர், எதிர்க்கும் சட்டத்தையே மீறினார். அதனால் வேறு எவருக்கும் இழப்பில்லை. அடிமைமுறையையும் மெக்சிகோ போரையும் எதிர்த்துத் தலைவரி கட்டாமல் 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ எதிர்த்தது ஒன்றை, மீறியது வேறொன்றை; இழப்பு அரசின் கருவூலத்துக்கு மட்டும். நெடுஞ்சாலையை மறிப்பவர் நிலை அப்படியில்லை. அந்தச் சட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மருத்துவமனைக்கோ வேலைக்கோ போகும் ஒருவரின் நேரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். அந்த வேறுபாட்டை நீதிமன்றம் தண்டனையில் காட்டலாம், காட்டவும் வேண்டும். கேள்வி அளவைப் பற்றியது. 2006இல், ஈராக் போரைத் தடுக்க இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டு விமானத் தளத்துக்குள் நுழைந்தவர்களின் வழக்கில், நீதிபதி ஹாஃப்மன் பிரபு எழுதிய ஒரு பத்தி இதற்கு நல்ல வழிகாட்டி. மனச்சான்றின் அடிப்படையிலான சட்டமறுப்புக்கு நீண்ட, மதிப்புக்குரிய வரலாறு உண்டு என்று ஏற்றுக்கொண்டு, இரு தரப்புக்கும் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருப்பதாக அவர் சொன்னார்: போராடுபவர் அளவோடு நடந்து, மிகையான சேதம் விளைவிக்காமல், தண்டனையை ஏற்றுத் தம் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும், காவல்துறையும் நடுவர்களும் நிதானம் காட்டி, அவருடைய நோக்கத்தைத் தண்டனையில் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதே நாட்டில் 2024 ஜூலையில், லண்டனைச் சுற்றியுள்ள எம்-25 நெடுஞ்சாலையில் போக்குவரத்தைத் தடுக்கத் திட்டமிட்டதற்காக ஒருவருக்கு ஐந்து ஆண்டும் நால்வருக்குத் தலா நான்கு ஆண்டும் விதிக்கப்பட்டன. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைக் குறைத்தது. குறைத்த பின்னும் ஆண்டுக்கணக்குதான்.

தீர்ப்பு வருமுன்னே தண்டிக்கும் வழக்கமும் உங்களுக்குத் தெரியாததன்று. முப்பது வாய்தா, பிணை நிபந்தனையாக வாரந்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்து, போராட்டம் நடக்கும் பக்கமே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு. ‘மீறினேன்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டவரின் வழக்கு பல ஆண்டுகள் இழுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றைக்கூட என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

நான் கேட்பது இவ்வளவே. அவர் ஏன் மீறினார் என்பதை, இடைமறிக்காமல், நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி சொல்ல விடுங்கள். அவர் எதிர்க்கும் சட்டம் செல்லுமா என்று பார்க்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால், ஹன்டைப் போலக் கதவைச் சாத்தாமல் அதைப் பாருங்கள். அதிகாரம் இல்லையென்றால், புரூம்ஃபீல்டைப் போல இல்லை என்பதையாவது சொல்லுங்கள். தண்டிக்க நேர்ந்தால் அவர் செய்த தீங்கின் அளவுக்குத் தண்டியுங்கள்; அவர் தலைகுனியவில்லை என்பதற்காக அதைக் கூட்டாதீர்கள்.

1961 ஜனவரி 31 அன்று தென் கரோலினாவின் ராக் ஹில் ஊரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் போய் உட்கார்ந்த கறுப்பின இளைஞர்களை மறுநாளே ஒரு நீதிபதி தண்டித்தார். 100 டாலர் அபராதம் அல்லது முப்பது நாள் கடுங்காவல் என்று வந்தபோது, ஒன்பது பேர் பணம் கட்ட மறுத்துக் கடுங்காவலுக்குப் போனார்கள். 2015 ஜனவரியில் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. அந்த ஒன்பது பேரில் உயிரோடு இருந்தவர்கள் முதியவர்களாகி நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தீர்ப்பை நீக்கி ஆணையிட்டவர், 1961இல் அவர்களைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதியின் உறவினர். அவருடைய உடன்பிறந்தவரின் மகன்.

மதிப்புடன்,
ஒரு குடிமகன்